தாட்சாயணி எழுதிய மாங்காய் விதிகள்

தாட்சாயணி கம்ப்யூட்டரோடு பேசுகிறவள். அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், அவள் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். எழுதியதைச் சரிபார்த்து ஓடும்படி மாற்றித்தரும் கம்பைலர், தப்பு இருக்கிறதென்று சிவப்புக் கோடு போட்டால், "ஏம்பா, இதுல இன்னா குறை கண்டுட்ட?" என்று தமிழில் கேட்பாள். மறுபடியும் கோடு வந்தால் தெலுங்குக்கு மாறுவாள். தெலுங்கு ஆரம்பித்துவிட்டால் நான் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன். திரும்பி வரும்போது பெரும்பாலும் இருவரும் சமாதானமாகியிருப்பார்கள்.

நான் செங்கல்வராயன். அவள் எழுதும் புரோகிராமை எப்படியெல்லாம் தப்பாகப் பயன்படுத்த முடியுமோ அப்படியெல்லாம் பயன்படுத்திப் பார்ப்பது என் வேலை, டெஸ்டர் என்பார்கள். சில வருஷங்களாக அவளுக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. திருப்பதி பைபாஸ் ரோட்டில், குழாயும் வாஷ்பேசினும் விற்கிற கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும், புழுதியும் வரும். அதனால் மூடியே வைத்திருப்போம். லாட்ஜ்களுக்கும் பால் நிலையங்களுக்கும் மாம்பழக் கூழ் தொழிற்சாலைகளுக்கும் சாஃப்ட்வேர் எழுதித் தருகிறோம். முதலாளி ரமணா காரு நல்ல மனிதர். என்ன, போன் அடித்தாலே கொஞ்சம் பயப்படுவார்.

தாட்சாயணிக்கு ஊர் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் ஒரு சின்ன கிராமம். அப்பா சின்னசாமிக்கு அங்கே மாந்தோப்பு இருக்கிறது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. புத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்ததும் திடீரென்று எல்லாமே இங்கிலீஷ். வகுப்பில் வாயைத் திறந்தாலே சிரித்தார்களாம். அதற்கப்புறம் சி ஷார்ப் என்ற கம்ப்யூட்டர் மொழி படிப்பது தனக்கு ஒரு பாடாகவே இல்லை என்பாள். தப்பாக எழுதினால் அது சிரிக்காது, எந்த வரியில் தப்பு என்று மட்டும் சொல்லும். படிப்பு முடிந்து சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் இருந்தாள். தான் எழுதுவது எந்த ஊரில் யார் கைக்குப் போகிறதென்றே அங்கே தெரியவில்லை என்று அலுத்துக்கொண்டு, கல்யாணமானதும் திருப்பதிக்கு வந்துவிட்டாள். கணவர் யஸ்வந்துக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. வாரக் கடைசியில் வருவார். அவள் சொல்கிற கம்பைலர் கதைகளை எல்லாம் தலையாட்டிக்கொண்டே கேட்பார். "ஒண்ணும் புரியாது அண்ணா, ஆனா கேக்கறதுக்கு நல்லா இருக்கும்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

மாங்காய் சீசன் வந்தால் எங்கள் அலுவலகத்தில் போன் ஓயாது. சித்தூர் பக்கம் ஒரு கூழ் தொழிற்சாலை எங்கள் வாடிக்கையாளர். கிளிமூக்கு மாங்காயை டிராக்டர் டிராக்டராக அங்கே கொண்டுவருவார்கள். வாசலில் மாதிரிக் காய் எடுத்து, அறுத்துப் பார்த்து, சாற்றை ஒரு சொட்டு கருவியில் விட்டு இனிப்பு எவ்வளவு என்று பார்ப்பார்கள். அந்த அளவுக்கு பிரிக்ஸ் என்று பெயர். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் தட்டினால், லோடை எடுக்கலாமா வேண்டாமா என்று எங்கள் சாஃப்ட்வேர் சொல்லும். ஒரு துண்டுச்சீட்டும் அடித்துக் கொடுக்கும்.

சிக்கல் என்னவென்றால், எதை எடுப்பது என்ற விதி தினமும் மாறும். தரப் பிரிவு மேலாளர் பவன்குமார் காலையில் கூப்பிட்டு, பிரிக்ஸ் கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்பார். மழை பெய்தால், குறைத்துக்கொள்ளலாம் என்பார். அடுத்த நாள், புள்ளி விழுந்த காய் வேண்டவே வேண்டாம் என்பார். ஒவ்வொரு தடவையும் தாட்சாயணி புரோகிராமைத் திறந்து ஒரு வரியை மாற்ற வேண்டும், நான் சோதிக்க வேண்டும், பிறகு புரோகிராமை மறுபடி தயார் செய்து அனுப்ப வேண்டும். அதற்குள் வாசலில் டிராக்டர் வரிசை ரோடு வரைக்கும் வந்திருக்கும்.

ஒருநாள் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "மாங்கா அவரோடது, மெசினு அவரோடது. ரூலு மட்டும் நான் ஏன் அண்ணா எழுதிக்கினு கீறேன்?" என்று கேட்டாள்.

அப்படித்தான் அந்த வேலை தொடங்கியது. திரையில் பவன்குமாரே மூன்று கட்டங்களை நிரப்புவார்: எதைப் பார்க்க வேண்டும், கூடவா குறையவா, எவ்வளவு. அதை வைத்துக்கொண்டு விதியைப் புரோகிராம் தானே எழுதிக்கொள்ள வேண்டும். முதலில், ஒரு லோடுக்கு என்னென்ன குணங்கள் உண்டு என்று அதற்குத் தெரியவேண்டும். ரகம், எடை, பிரிக்ஸ், புள்ளி என்று நாம் பட்டியல் போட்டுக் கொடுக்கத் தேவையில்லை. புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் உள்ளே எட்டிப் பார்த்து, தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள முடியும். அதற்கு ரிஃப்ளெக்‌ஷன் என்று பெயர். தாட்சாயணிக்கு அதில் ஒரு குழந்தையின் சந்தோஷம். "நீ யாருன்னு அதையே கேக்கலாம் அண்ணா, மறைக்காம சொல்லும்" என்பாள்.

அடுத்தது விதி. பேர் வைக்காமல் ஒரே மூச்சில் எழுதுகிற சின்னக் கட்டளைத் துண்டை லாம்டா என்பார்கள். சாதாரணமாக அதை எழுதினால் மூடிய பெட்டி மாதிரி. உள்ளே ஒரு லோடைப் போட்டால் ஆமாம் அல்லது இல்லை என்று வெளியே வரும். அதையே, உள்ளே இருப்பது தெரியும்படி, தலைகீழ் மரம் போலவும் வைத்திருக்கலாம். 'ரகம் கிளிமூக்கு, மேலும் பிரிக்ஸ் இவ்வளவுக்குக் குறையாமல்' என்ற விதியில், 'மேலும்' என்பது மேலே நிற்கும். அதன் கீழே இரண்டு கிளை, கிளைக்குக் கிளை இலை. இதுதான் எக்ஸ்பிரஷன் ட்ரீ. ஓட வைக்க வேண்டும் என்றால் அந்த மரத்தைக் கம்பைல் செய்து மூடிய பெட்டியாக்கிக்கொள்ளலாம். எங்கள் மீட்டிங் அறைக் கண்ணாடியில் அவள் பச்சை மார்க்கரால் வரைந்து தள்ளியதில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ரமணா காரு ஒரு தோப்புக்குள் இருப்பதுபோலத் தெரிந்தார்.

பல நாள் கம்பைலரோடு தெலுங்கில்தான் பேச்சு. பிரிக்ஸ் கட்டத்தில் எண்ணும் இருக்கலாம், ஒன்றும் எழுதாமல் வெற்றாகவும் விட்டிருக்கலாம் என்று முன்னாலேயே வைத்திருந்தோம். அப்படிப்பட்டதை வெறும் எண்ணோடு ஒப்பிட முடியாது, இரண்டும் வேறு ஜாதி என்று சி ஷார்ப் மல்லுக்கு நின்றது. கடைசியில் எண்ணையும் அந்த ஜாதிக்கே மாற்றிக் கொடுத்தாள். ஒத்துக்கொண்டது. நான் என் சோதனைகளை ஓட்டினேன், எல்லாம் பச்சை, அதாவது பாஸ்.

பவன்குமார் முதல் விதியைத் தானே போட்ட அன்று எங்களுக்கெல்லாம் சித்தூரிலிருந்து மாம்பழச் சாறு வந்தது. அதற்குப் பிறகு காலையில் போன் வரவில்லை. வேகமாக ஓட வேண்டும் என்பதற்காக, விதியைக் கம்பைல் செய்ததும் அந்தப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு மரத்தை விட்டுவிடும்படி எழுதியிருந்தாள். யாருக்கும் அதில் குறை தெரியவில்லை.

போன சீசனில் ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால், சின்னசாமி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். தோளில் துண்டு, முகமெல்லாம் புழுதி. மகளைப் பார்க்க அவர் அதற்கு முன் அங்கே வந்ததில்லை. தாட்சாயணி எழுந்து தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்து அவள் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தார். சீட்டின் அடியில் எங்கள் கம்பெனி பெயர் இருந்தது. மேலே தெலுங்கில் ஒரே வார்த்தை: வேண்டாம்.

"இது உங்க ஆபீஸ்ல எழுதினதாம்மா?"

"நான் எழுதினது நைனா."

"ராவெல்லாம் லைன்ல நின்னேன். ஏன் வேணாம்னு கேட்டா, கேட்ல இருக்கறவன் கம்ப்யூட்டர் சொல்லிச்சின்றான். அதான் உன்னையே கேட்டுடலாம்னு வந்தேன். காய் நல்லாத்தான் கீது. இன்னா குறையாம்?"

தாட்சாயணி சீட்டை எடுத்துப் பார்த்தாள். திரையைத் திறந்து அந்த லோடின் எண்ணைத் தட்டினாள். அங்கேயும் அதே வார்த்தைதான் இருந்தது.

"தெரியல நைனா" என்றாள். "ஆமாவா இல்லையான்னு மட்டுந்தான் அது சொல்லும். ஏன்னு சொல்லாது."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. லோடை மண்டியில் கிடைத்த விலைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். மகள் டிபன் பாக்ஸில் கொண்டுவந்திருந்ததை இரண்டு பேருமாகச் சாப்பிட்டார்கள். தோப்பு, அம்மாவின் முழங்கால், யஸ்வந்தின் ஷிப்ட் என்று பேச்சு வேறெங்கோ போயிற்று. பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தவள் அன்று கம்பைலரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.  எனக்கு அது பிடிக்கவில்லை. கடலை உருண்டை வாங்கி வந்து பக்கத்தில் வைத்தேன். சாயங்காலம் வரை அப்படியே இருந்தது.

மறுநாள் ரமணா காருவிடம் போய், சீட்டில் காரணத்தையும் அச்சிட வேண்டும் என்று சொன்னாள். அவர் பவன்குமாருக்குப் போன் போட்டார். காரணம் எழுதிக் கொடுத்தால் ஒவ்வொரு விவசாயியும் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வாதாடுவான், வரிசை நகராது, வேண்டவே வேண்டாம் என்று பவன்குமார் சொல்லிவிட்டார். ரமணா காரு கைகளை விரித்தார். தாட்சாயணி விடவில்லை. அந்த சீசனில் திருப்பி அனுப்பிய லோடுகளின் விவரத்தை வாங்கித் தந்தால் போதும், இங்கேயே ஓட்டிப் பார்க்கிறேன், வெளியே எதையும் அனுப்பமாட்டேன் என்றாள். அது கிடைத்தது.

விட்டெறிந்த மரத்தை இந்தத் தடவை பத்திரமாக வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு லோடுக்கும் மரத்தின் உச்சியிலிருந்து இறங்கி, ஒவ்வொரு கிளையையும் தனியாகக் கேட்டு, எந்த இலையில் 'இல்லை' என்று வந்தது, அங்கே இருந்த அளவு என்ன என்று சொல்லும்படி எழுதினாள். மெதுவாகத்தான் ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளி அதிகம், பிரிக்ஸ் குறைவு, ரகம் வேறு என்று வரிசையாக வந்தது. நடுநடுவே வேறொன்றும் வந்தது: பிரிக்ஸ் வேண்டியது இவ்வளவு, இருப்பது — அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை, வெற்று இடம்.

அவள் அப்பாவின் லோடும் அதில்தான் இருந்தது.

முதலில் தன் புது வேலையில்தான் தப்பு என்று நினைத்தாள். இரண்டு முறை திருத்திப் பார்த்தாள். பிறகு விளங்கிற்று. வாசலில் அளவே எடுக்காமல் கட்டத்தை வெற்றாக விட்டிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே ஜாதியாக்கிய பிறகு, வெற்றை ஓர் எண்ணோடு ஒப்பிட்டால் சி ஷார்ப் சண்டை போடாது, தெரியாது என்றும் சொல்லாது. பேசாமல் 'இல்லை' என்று சொல்லிவிடும். குறைந்த பிரிக்ஸுக்கும் பார்க்காத பிரிக்ஸுக்கும் வெளியே ஒரே பதில்.

"பாக்கவே இல்ல அண்ணா" என்றாள். "பாக்காமலே வேணாம்னு சொல்லியிருக்குது. சொன்னது என் புரோகிராமு."

ரமணா காருவும் நாங்கள் இருவரும் அடுத்த நாளே சித்தூர் போனோம். வெயிலில் டிராக்டர்கள் நின்றுகொண்டிருந்தன. நிழலுக்காக ஆட்கள் டிரெய்லர் அடியில் படுத்திருந்தார்கள். பவன்குமார் நான் நினைத்ததைவிட இளையவர். தூக்கமில்லாத கண், காலில் கூழ் படிந்த ரப்பர் பூட்ஸ். காரணம் எழுதக்கூடாது என்று சொன்னதையே மறுபடி தொடங்கினார். தாட்சாயணி லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். கட்டத்தை வெற்றாக விட்டால் தடுத்து நிறுத்தும்படி நான் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை, அது என் தப்பு, இப்போது இதைப் பாருங்கள் என்று தெலுங்கில் நிதானமாகச் சொன்னாள்.

பவன்குமார் படித்துக்கொண்டே போனார். பாதியில் நிறுத்தி, இதெல்லாம் எந்த வாசலில் வந்த லோடு என்று கேட்டார். அவள் பார்த்துச் சொன்னாள். எல்லாம் இரண்டாவது வாசல். கூட்டம் அதிகமான நாட்களில், சின்ன டிராக்டர்களுக்காக மட்டும் அதைத் திறப்பார்கள். அங்கே தனியாகக் கருவி கிடையாது. முதல் வாசலிலிருந்து வாங்கி வருவார்கள். வாங்க முடியாதபோது கட்டத்தைத் தாண்டிவிட்டுப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் ஏதோ சொல்கிறது, சரியாகத்தான் இருக்கும் என்று விட்டிருக்கிறார்கள்.

"சின்ன விவசாயிங்க காய் இந்த வருஷம் சரியில்லைன்னு நான் மேல ரிப்போர்ட்டே கொடுத்துட்டேன்" என்றார் பவன்குமார். அப்படியே பூட்ஸோடு இரண்டாவது வாசலுக்கு நடந்து போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். அன்று சாயங்காலத்துக்குள் அங்கே தனிக் கருவி வந்துவிட்டது. திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு அவரே போன் செய்தார். சிலர் மறுபடி காய் கொண்டுவந்தார்கள். சிலர் திட்டினார்கள், கேட்டுக்கொண்டார். சின்னசாமிக்கும் போன் போயிற்று. அவர் தாட்சாயணியின் அப்பா என்று பவன்குமாருக்குத் தெரியாது, தாட்சாயணியும் சொல்லவில்லை. இப்போ தோப்பில் இருக்கிறது பறிக்கிற பக்குவத்தில் இல்லை, வரும்போது வரேன் சார் என்று சின்னசாமி பதில் சொன்னாராம்.

சீட்டில் காரணமும் அச்சிட வேண்டும் என்று பவன்குமாரே கேட்டு எழுதினார். அப்போது தாட்சாயணிக்குப் புது வேலை வந்தது. புரோகிராமுக்குள் எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் பெயர். ஒவ்வொரு குணத்தின் தலையிலும், சீட்டில் என்ன வார்த்தை அடிக்க வேண்டும் என்று தெலுங்கிலும் தமிழிலும் குறித்து வைத்தால், ரிஃப்ளெக்‌ஷன் அதைப் படித்து எடுத்துக்கொள்ளும். தெலுங்கு வார்த்தைகளைப் பவன்குமார் கொடுத்தார். தமிழுக்கு அவள் அகராதியைத் திறக்கவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"நைனா, பழுக்கறதுக்கு முன்னாடியே சுருங்கிப்போற காய்க்கு இன்னான்னு சொல்லுவீங்க?"

"வெம்பல்."

"காம்புல பால் வழிஞ்சி கறுத்துப்போறது?"

"பால்பட்ட காய். ஏம்மா, இதெல்லாம் எதுக்கு?"

காரணம் சொல்ல வைக்கிறேன் என்று சொன்னாள். உள்ளே ஒரு மரம் இருக்கிறது, அதில் ஏறி இறங்கிப் பார்த்துச் சொல்லும் என்று விளக்கினாள். 

"அது காய்க்குமா?" என்று கேட்டார் சின்னசாமி.

அலுவலகத்தில் எல்லோரும் சிரித்துவிட்டோம். ரமணா காருவுக்குத் தமிழ் அரைகுறை. அவருக்கு நான் தெலுங்கில் சொல்ல, அவர் தனியாகச் சிரித்தார். அன்று தாட்சாயணி மறுபடி கம்பைலரோடு பேச ஆரம்பித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

இந்த வருஷ சீசனில் வாசலில் தகராறு இருந்ததா என்றால், இருந்தது. காரணத்தைப் படித்துவிட்டு, இன்னொரு முறை அளந்து பார் என்று கேட்பார்கள். பல நேரம் அளவு அப்படியேதான் வரும். சில நேரம் மாறும். மறுபடி அளப்பதற்கென்றே ஓர் ஆளைப் பவன்குமார் போட்டுவிட்டார். கட்டம் வெற்றாக இருந்தால் இப்போது சீட்டே வராது.

சின்னசாமி இந்த வருஷமும் ஒரு லோடு கொண்டுபோனார். அதுவும் திரும்பிவிட்டது. போன் வந்தபோது தாட்சாயணி முகம் மாறியதைப் பார்த்து நானும் எழுந்து நின்றேன். அவர் குரல் ஸ்பீக்கரில்லாமலே எனக்குக் கேட்டது.

"அடிபட்ட காய் அதிகம்னு போட்டுது. நானே எறங்கிப் பாத்தேன், நெசந்தான். ஏத்தும்போதே சொன்னேன், தூக்கிப் போடாதீங்கடான்னு. அது சரியாத்தான் சொல்லுதும்மா."

"அப்புறம் இன்னா நைனா?"

"வேணாம்னு போடறியே, அதான் ஒரு மாதிரி கீது. வாசல்ல வந்து நிக்கிற மனுசனப் பாத்து யாராச்சும் மூஞ்சில அடிச்சாப்புல வேணாம்பாங்களா? கொஞ்சம் மரியாதையா சொல்லச் சொல்லு."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, சரி நைனா என்றாள். பவன்குமாரைக் கூப்பிட்டாள். தெலுங்கில் அதற்கு எது மரியாதை என்று இரண்டு பேரும் வெகுநேரம் வாதாடினார்கள். தமிழில் 'இந்த லோடை இன்று எடுத்துக்கொள்ள முடியவில்லை, மன்னிக்கவும்' என்று அவளே வைத்தாள். அது சீட்டின் அகலத்துக்குள் அடங்கவில்லை. எழுத்தைச் சின்னதாக்கினால் வயசானவர்களுக்குத் தெரியாது என்று நான் சொன்னேன். அவள் திரையைப் பார்த்து, "ஏம்பா, ரெண்டு வரியாத்தான் மடியேன்" என்றாள்.